பதினாலாவது கேள்வி

“இந்த வீட்டுக்கு நீங்க நிஜமாவே போனீங்களா?” என்று கேட்டார் காதுக்காரர்.

தலைமை அலுவலகத்துக்கு வரச்சொல்லி நேற்று அவளுக்குச் செய்தி வந்திருந்தது. மூன்று மணி நேரம் பஸ்ஸில் நின்றபடியே வந்திருந்தாள்.

வீடு வீடாகப் போய், இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, வீட்டில் யார் யார் என்று கேட்டு, ஒரு குழாயில் மூச்சை ஊதச்சொல்லி, டேப்லெட்டில் தட்டிப் பதிவது அவள் வேலை. நுரையீரல் நோயை ஆராயும் டாக்டர்களுக்கு அது போய்ச் சேரும். கேள்வியும் பதிலும் டேப்லெட்டிலேயே ஒலிப்பதிவாகிவிடும். பெயரும் விலாசமும் மட்டும் களத்தோடு நின்றுவிடும். தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஓர் எண்தான் தெரியும்.

அங்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாய் சொன்னதும் விரல் தட்டியதும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பவர் இவர். காதுக்காரர் என்பது களத்துப் பெண்கள் வைத்த பெயர். கொசு பறந்தால்கூட ஆண் கொசுவா பெண் கொசுவா என்று பிரித்துச் சொல்லிவிடுவாராம்.

தப்புக்கு ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று விழுந்தால் டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு. சாக்கு தைக்கிற ஊசியைத் தேடி எடுத்து வைக்கட்டுமா அண்ணி என்று நாத்தனார் காலையில் கேலி பேசித்தான் அனுப்பியிருந்தாள். அந்த ஊசி குத்திய தழும்புகள் இன்னும் விரலை விட்டுப் போகவில்லை.

“போனேன் சார்.”

“பதினாலாவது கேள்வி. உயிரோடு இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? பெரியவர் ஒண்ணுங்கிறார். நீங்க ரெண்டுன்னு போட்டிருக்கீங்க.”

ஹெட்போனை அவளிடம் கொடுத்து ஓடவிட்டார். கரகரத்த குரல். நீண்ட இருமல். அப்புறம் சந்தேகத்துக்கு இடமில்லாமல், “ஒண்ணு.”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுக்கடுக்காகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். பெரியவர் எழுந்து நடமாடுகிறாரா. இருமல் பகலிலும் உண்டா. வீட்டம்மா எப்படி இருக்கிறார்கள். கண் தெரிகிறதா அவர்களுக்கு. வீட்டுக்கே போகாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து படிவத்தை நிரப்புகிறவர்களை இப்படித்தான் மடக்குவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மறு கண் மங்கல்.

“மூச்சு ஊதுற குழாயை இடது கையாலதானே பிடிச்சாரு?”

ஆமாம் என்றாள். ஒலிப்பதிவில் கை எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திகைத்தாள். குழாய் மேசையில் இடித்த சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருப்பார், கொசுவையே பிரிக்கிற ஆளாயிற்றே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

“சரி, போயிருக்கீங்க. ரெண்டு எங்கேர்ந்து வந்துச்சு?”

இனி மறைத்துப் பயனில்லை. நடந்ததைச் சொன்னாள். ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு அவள் செருப்பை மாட்டும்போது பெரியவர் வாசல்வரை பின்னாலேயே வந்தார். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“‘சின்னவனை ஒருநாள் கை நீட்டிட்டேன்மா. அன்னிக்கிப் போனவன்தான், பதினொரு வருஷம் ஆச்சு. வாடகை வீடு மூணு மாத்தியாச்சு, வந்தாலும் எங்கன்னு தேடுவான். உள்ள அவ காதுபட ரெண்டுன்னா நாளெல்லாம் அழுவா. அவன் இருக்கானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இருக்கான்னே போட்டுக்கம்மா’ன்னாரு சார். அதுக்கப்புறம் ஒண்ணுன்னு விட எனக்கு மனசு வரல. தெருமுனையில நின்னு ரெண்டுன்னு மாத்திட்டேன்.”

காதுக்காரர் அவளிடமிருந்து ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். பின்னால் ஓட்டி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் பக்கத்தில் இருந்த டீ ஏடு கட்டி ஆறிப்போயிருந்தது.

பதில் சொல்கிறவர் சொன்னதைத் தவிர ஓர் எழுத்துகூட நீங்களாகச் சேர்க்கக் கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள். உறையைத் துடைத்து, சார்ஜர் ஒயரைச் சுருட்டி, இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

அவர் அதை அவள் பக்கமே தள்ளினார்.

“புள்ளி இல்ல. ரெண்டு சரிதான்.”

அவளால் நம்ப முடியவில்லை. தெரியாமல் எப்படிச் சரி என்பது, நாளைக்கு வேறு யாராவது கேட்டால் தன் தலைதானே உருளும் என்று பயந்தாள். “திரும்ப ஒருதடவ போய்க் கேட்டுட்டு வந்துடறேன் சார். அந்தப் பிள்ளை இருக்கானான்னு ஏதாவது தகவல் வந்திருக்கும்ல.”

“போங்க. ஆனா விலாசத்தை என்கிட்ட சொல்லிடாதீங்க. விதி அது.”

அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். கண்ணாடியையும் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தும் அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

“அவர்கிட்ட ஒண்ணும் கேக்க வேணாம்மா. இருக்கேன்னு சொல்லுங்க.”