பதினெட்டாம் பெயர்

கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை.

அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. நோர்வேஜிய மொழியைத் திருத்தித் தரச் சொல்லித்தான் புஷ்பமலர் என்னைக் கூப்பிட்டிருந்தாள். அவள் சமைக்கும் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில், மத்தியானச் சாப்பாடு முடிந்து மேசை துடைத்த ஈரம்கூடக் காயவில்லை. பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று தரம் வாசித்தேன்.

வட்டாரச் சபைக்குத் தான் தெரிவானது தவறுதலாக நடந்தது, ஆகவே தன்னை விலக்கிவிட வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

அவள் விலகினால் அந்த இடத்துக்கு அடுத்த ஆள் நான்.

நான், பரமநாதன். ஒஸ்லோவின் இந்த வடகிழக்கு மூலையில், வெஸ்ட்லியிலிருந்து ஹவுகன்ஸ்டுவா வரைக்கும், சபைக்கு நேரடித் தேர்தல் வந்த நாளிலிருந்து நாலு தவணை உறுப்பினராக இருந்தவன். பதினாறு வருடம். தெருவிளக்கு எரியாவிட்டாலும் சனம் எனக்குத்தான் தொலைபேசி எடுக்கும்.

நான் சபைக்குள் போன கதை இங்கே எல்லாருக்கும் தெரியும்.

இலங்கையில் வாக்களிப்பதென்றால் புள்ளடி போடுவது. பெருக்கல் குறி மாதிரி ஓர் அடையாளம். இங்கே அது தேவையில்லை. விரும்பிய கட்சியின் தாளை எடுத்து மடித்துப் பெட்டியில் போட்டால் முடிந்தது. தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். பிடித்த ஆள் இருந்தால் அடையாளம் இடலாம், விட்டாலும் குற்றமில்லை. நோர்வேக்காரர் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

எங்கள் சனத்துக்கு வெறும் கட்டத்தைக் கண்டால் கை சும்மா இராது. புள்ளடி போடாத வாக்கு செல்லாது என்று நினைத்து, தெரிந்த ஒரு தமிழ்ப் பெயரைத் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அடையாளம் கூடினால் பெயர் மேலே ஏறும். பட்டியலின் அடியில் ஒப்புக்கு நின்ற நான் ஒரே நாளில் உள்ளே போனேன். மூன்றாம் இடத்தில் இருந்த சுரங்கரயில் சாரதி ஒருவர் வெளியே போனார். பாவம், நல்ல மனுசன். என் கையைக் குலுக்கிவிட்டுத்தான் போனார்.

இந்த முறை பட்டியலை நிரப்ப ஒரு பெயர் குறைந்தது. பதினெட்டாவது, கடைசி இடம். புஷ்பமலரைப் போய்க் கேட்டவன் நானேதான். பெயர் மட்டுந்தான், வேலை ஒன்றும் வராது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன்.

அவளிடம் எனக்கு ஒரு கடன்பாடும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இந்த இல்லத்துச் சமையலறையை மூடிவிட்டு, சாப்பாட்டை வெளியிலிருந்து எடுப்பிக்கலாம் என்று ஒரு யோசனை சபைக்கு வந்தது. கூட்டம் தொடங்கும்போது வட்டாரத்தில் குடியிருக்கும் எவரும் எழும்பிப் பேசலாம். அன்று அவள் வேலை உடுப்போடேயே வந்து மூன்று நிமிடம் பேசினாள். இல்லத்தில் இருக்கிற பலருக்கு நாளும் தெரியாது, நேரமும் தெரியாது. வெண்ணெயில் வெங்காயம் வதங்குகிற மணம் வந்தால்தான் சாப்பாட்டு நேரம் என்று எழும்பி வருவார்கள். அந்த மணத்தையும் பெட்டியில் அடைத்து அனுப்புவீர்களா என்று கேட்டாள்.

எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் சமையலறை தப்பியது. மூடச் சொல்லித் தூக்கிய ஏழு கைகளில் என்னுடையதும் ஒன்று. கட்சி முடிவு, தூக்கினேன். இப்போதும் நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நேற்றுத்தான் பெயர்களுக்கு விழுந்த வாக்குகளை வெளியிட்டார்கள். கட்சிக்கு நாலு இடம். புஷ்பமலர் ஆயிரத்து நூற்று எண்பத்தேழு வாக்கோடு முதலாவது. நான் ஐந்தாவது.

கட்சித் தலைவி தொலைபேசியில் சிரித்தார். உங்கள் ஆட்களின் பழைய பழக்கம் இன்னும் போகவில்லையே என்றார். தமிழ்க்கடையில் நின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். எல்லாரும் சொன்னதை நம்பி இவளும் கடிதம் எழுதிவிட்டாள்.

"பரமண்ணை, எங்கட சனம் கைப்பழக்கத்திலை போட்ட புள்ளடிக்காக உங்கட கதிரையிலை நான் போய்க் குந்தேலாது. நீங்கள் ஓம் எண்டால் இண்டைக்கே அனுப்பிவிடுறன்."

ஓம் என்ற ஒரு சொல் போதும். ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். பதினாறு வருடம் இருந்த கதிரை லேசில் ஆளை விடாது.

ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் தமிழ் வீடுகளுக்கெல்லாம் ஒன்றுவிடாமல் தொலைபேசி எடுத்தவன் நான். எனக்குத் தெரிந்த கணக்கு கட்சிக்கும் தெரியாது, தமிழ்க்கடைக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

பேனையை மூடினேன்.

"தங்கச்சி, இஞ்சை வாக்குள்ள தமிழ்ச்சனம் கிழடுகட்டை எல்லாம் சேர்த்தே ஐந்நூற்றி நாப்பது பேர்தான். அவ்வளவு பேரும் உமக்கே போட்டிருந்தாலும், மிச்ச அறுநூற்றிச் சொச்சமும் ஆர் போட்டது?"

புஷ்பமலர் விரல்விட்டு ஒருதரம் கணக்குப் பார்த்தாள். கடிதத்தை மெல்ல என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, மேலங்கிப் பைக்குள் வைத்தாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. என் வீட்டுப் பிள்ளை வென்றதுபோல அவ்வளவு பெருமை. கூடவே வயிறும் எரிந்தது.

அவளிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. நாலு தேர்தலிலும் எனக்கு விழுந்த வாக்கு ஒருமுறைகூட அந்த ஐந்நூற்று நாற்பதைத் தாண்டியதில்லை.