ஒன்றரையில் நின்ற முள்

பெட்ரோல் அழுத்தம் காட்டும் கேஜின் முள் ஒன்றரையில் நின்றது. மூன்றில் நிற்க வேண்டிய முள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, பம்பு போச்சு தங்கச்சி" என்றார் அண்ணன், டீயை ஆற்றிக்கொண்டே. "புதுசு வர நாலு நாள் ஆகும். நேரம் சரியில்லேன்னா காரும் நகராது."

"நேரத்தை அப்புறம் பாக்கலாம்ணே. முதல்ல பம்பைப் பாக்குறேன்."

மணி ஒன்பது. பதினொன்றுக்குள் அவள் தன் காரில் பக்கத்து ஊர் போய்ச் சேர வேண்டும். அவள் வாடகைக்குப் பிடித்திருந்த சின்ன மெக்கானிக் ஷெட்டின் சாவி அங்கே காத்திருந்தது. வராவிட்டால் அடுத்த ஆளுக்கு என்று கட்டடத்தின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷம் அண்ணனின் ஷெட்டில் கை கறுத்தவளுக்கு, அதுதான் முதல் சொந்த ஷெட். பஸ் மத்தியானம்தான். அண்ணனிடம் வேறு வண்டி கேட்க அவளுக்கு மனமில்லை.

இஞ்சினுக்குப் பெட்ரோல் போனால் மட்டும் போதாது. அழுத்தத்தோடு போக வேண்டும். அழுத்தம் குறைந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், மேட்டைக் கண்டதும் மூச்சு வாங்கும். பம்பு களைத்திருக்கலாம். ஃபில்டர் அடைத்திருக்கலாம். மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பிவிடும் ரெகுலேட்டர், வாயை மூடாமல் இருக்கலாம். பாவம், பழி மட்டும் முதலில் பம்பின் தலையில் விழும்.

பின் சீட்டைத் தூக்கி, பம்பு ஒயரில் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டு வோல்ட், குறைவில்லை. காதை வைத்தாள். பம்பு சீராக முனகியது. ஃபில்டர், போன மாதம் அவளே மாட்டியது.

அடுத்து, டேங்குக்குத் திரும்பும் ஹோஸை ஒரு நொடி நெரித்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் வேண்டும்.

சுவரில் கருவிப் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைச் சுற்றி அண்ணன் வெள்ளைக் கோடு போட்டிருந்தார். வேலை முடிந்து கிளம்புகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்து, பலகையை எண்ணிய பிறகுதான் விடுவார்.

கிளாம்பின் கோட்டுக்குள் வெறும் மரம் தெரிந்தது.

ஹோஸில் துணியைச் சுற்றிக் குறடால் நெரித்தாள்.

முள் ஏறியது. மூட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல, நின்று நின்று. ஆனாலும் நாலைத் தாண்டியது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பம்புக்குத் தெம்பு இருக்கிறது. ரெகுலேட்டர் கெட்டிருந்தால் முள் துள்ளியிருக்கும். தயங்கித் தயங்கி ஏறுகிறது என்றால், பெட்ரோல் வரும் வழியில் ஏதோ குறுக்கே நிற்கிறது.

வண்டிக்கு அடியில் மல்லாந்து நகர்ந்தாள். டேங்கை ஒட்டி, விளக்கு வெளிச்சம் எளிதில் எட்டாத மூலையில், இஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸை ஒரு கிளாம்ப் கவ்வியிருந்தது. பாதி இறுக்கம்தான். வண்டி நின்றுபோகாது, ஊர் எல்லையையும் தாண்டாது.

கிளாம்புக்கும் ஹோஸுக்கும் நடுவே, பதமாக மடித்து வைத்த சைக்கிள் டியூப் துண்டு. ஹோஸில் கீறல் விழுந்துவிடக் கூடாதாம்.

அந்த ஷெட்டில் அப்படி டியூப் வைத்துக் கிளாம்ப் மாட்டுகிற ஆள் ஒருவர்தான்.

வெளியே, டீ ஆற்றும் சத்தம் நின்றிருந்தது.

திருகைத் தளர்த்திக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். முள் மூன்றில் நின்றது, அசையாமல்.

கேஜை எடுத்துவிட்டு பானெட்டை மூடினாள். டியூப் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கிளாம்பை நன்றாகத் துடைத்து, பலகையில் அதன் வெள்ளைக் கோட்டுக்குள் மாட்டினாள்.

"கிளம்புறேண்ணே. எல்லாம் அதது இடத்துல இருக்கு, எண்ணிப் பாத்துக்குங்க."

அண்ணன் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.