மூன்றாவது குளத்தில் ஒரு சுளுக்கு

"இந்த மஞ்சள் பூவுக்கு என்ன பேரும்மா?"

கழுத்தில் கேமராவுடன் கேட்டவருக்கு இது பதினேழாவது கேள்வி. வழிகாட்டிப் பெண் சலிக்காமல் பெயரைச் சொன்னாள். முக்குளிப்பான் தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதைக் காட்டினாள். நாணல் தண்டில் தும்பி உரித்துப்போட்டிருந்த பழைய தோலையும் காட்டினாள்.

"முப்பது வருஷமா நான் இவர்கிட்ட படுறதை, நீ ஒரு மணி நேரத்துல பட்டுட்ட," என்றாள் அவர் மனைவி.

பெண் சிரித்தாள். அவளுக்கு இந்தச் சரணாலயத்தில் தற்காலிக வேலைதான். நாளைக்கு நிரந்தரம் செய்யப்போகிறார்கள். பார்வையாளர் நோட்டில் ஒரு புகார் விழுந்தாலும் அவ்வளவுதான் என்று வழியிலேயே அந்த அம்மாளிடம் சொல்லியிருந்தாள்.

மூன்றாவது குளத்தின் கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே ஊதாப் பூக்கள் விரிந்திருந்தன. அவற்றைக் கிட்டத்தில் படமெடுக்கத்தான் கேமராக்காரர் இவ்வளவு தூரம் வந்ததே. தலைக்கு மேல் ஒரு பறவை விடாமல் கத்தியது. அது என்ன பறவை என்று கேட்டார்.

"தெரியலை சார்," என்றாள், அதுவரை எல்லாம் தெரிந்தவள்.

அவர் பாதையை விட்டுக் கற்களில் இறங்கக் காலெடுத்தார். அதே நொடியில் அவள் "அம்மா" என்று முனகியபடி சரிந்தாள். கணுக்கால் பிசகிவிட்டது, ஓர் அடிகூட வைக்க முடியாது என்றாள்.

இருவரும் தோள்கொடுத்து அவளை வாசல்வரை கூட்டிவந்தார்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. பூக்கள் கூம்பியிருக்கும்.

"நடக்கத் தெரியாத ஆளை வழிகாட்டின்னு அனுப்புறாங்க. எழுதிவைக்கிறேன்," என்று அவர் நோட்டு இருந்த மேசைக்குப் போனார்.

மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். பெண்ணின் காலை மடியில் வைத்து அழுத்திப் பார்த்தாள். திருப்பி, மறுபடியும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தப் பறவை கத்தினப்பவே நினைச்சேன். கல்லுக்கு நடுவுல எத்தனை முட்டைம்மா?"

பெண்ணுக்குக் கண் கலங்கியது. "நாலுங்கம்மா. போன தடவை வந்தவங்ககிட்ட உள்ளதைச் சொன்னேன். பார்க்குறேன்னு போய் மிதிச்சுட்டாங்க."

பொய்க்கு அஞ்சுகிற அந்த நர்ஸ், மனதுக்குள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரு குறையும் இல்லாத அந்தக் காலில் துணியை நன்றாக இறுக்கிக் கட்டினாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பிக் குரல்கொடுத்தாள்:

"ஏங்க, எழுதினதை அடிச்சுடுங்க. பாவம், பொண்ணுக்குப் பலமான சுளுக்கு."