புகைக்குழாயில் தண்ணீர் இல்லை

மாலத்தீவின் தலைநகர் மாலேக்குத் திரும்பும் வழியில், எங்கள் தோணியின் புகைக்குழாய் சூரை மீனைச் சுட்டுத் தின்னலாம் போலக் கொதித்தது. எஞ்சினை அணைத்ததும் நீரோட்டம் எங்களைப் பவளப்பாறைப் பக்கம் இழுத்தது.

“எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி புகையோட வெளிய வரல. பம்பு நல்லாருக்கு, வடிகட்டியும் சுத்தம். அடியில கடல்தண்ணி நுழையுற வாய்தான் அடைச்சிருக்கு,” என்றான் மெக்கானிக் ஷாகிர்.

“பயப்படாத. பாறையில மோதாம இருக்க தோணி ஓரத்துல மந்திரத் துணி கட்டியிருக்கேன்,” என்றார் தோணித் தலைவர் தீதி.

“அப்ப அதையே இறங்கித் தள்ளச் சொல்லுங்க!” ஷாகிர் கடலில் குதித்தான்.

பாறை பல்லைக் காட்டும் தூரத்துக்குத் தோணி நெருங்கியபோது ஏறிவந்து எஞ்சினைக் கிளப்பினான். குழாயில் தண்ணீர் கொட்டியது. தோணி விலகியது.

“பாத்தியா, மந்திரம் பலிச்சுது!”

ஷாகிர் இடுப்பிலிருந்து ஈரத்துணி ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தான்.

“பலிச்சுது தலைவரே. அந்த வாயிலேருந்து இத உருவினதும் பலிச்சுது.”