கட்டைவிரல் மறைக்கும் வரி

அறுவை அரங்கின் கதவுக்கு முன்னால் சக்கரக் கட்டில் நிற்கிறது. காலை வெயில் கண்ணாடி வழியே வந்து, பச்சை அங்கிக்குள் தொலைந்து கிடக்கும் மகளின் பாதங்களில் மட்டும் விழுகிறது. தலைமாட்டில் அம்மா கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறார். எந்தக் கதைக்கும் சுபம் போட்டுவிடுகிற மனிதர். ஒத்துவராத வரிகளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார். "மான்குட்டி பத்திரமா வீட்டுக்கு வந்துடுச்சு. எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க." "அப்பா, விரலை எடுங்க. அது வரல. நானே எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டேன்." கதவுக்குள் ஏதோ இரும்புத் தட்டு விழுந்து உருள்கிறது. மூவருக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. "நான் திரும்பி வருவேனாப்பா?" "வராம பின்னே? சாயங்காலமே…" மகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் கம்பியை அழுத்தும் அவர் கட்டைவிரலைப் பார்க்கிறாள். நகம் வெளுத்திருக்கிறது. அவரும் அதைப் பார்த்துவிட்டு, மெதுவாக விரலை எடுக்கிறார். "தெரியல கண்ணு. வந்துடணும். எனக்கும் பயமாத்தான் இருக்கு." அவள் அம்மா பக்கம் திரும்புகிறாள். "சாமி என்னம்மா சொல்லுச்சு?" அம்மா கண்ணைத் திறக்கிறாள். "ஒண்ணும் சொல்லலடி. நான் விடாம கேட்டுக்கிட்டே இருக்கேன்." மகள் தலையாட்டுகிறாள். நர்ஸ் காலால் பிரேக்கைத் தட்டிவிட, சக்கரங்கள் கிறீச்சிடுகின்றன. மகள் அப்பாவின் கட்டைவிரலைத் தன் கைக்குள் இறுகப் பொத்திக்கொள்கிறாள். கதவு திறந்துவிட்டது. அவள் இன்னும் விடவில்லை.