இரண்டு விரல் இடம்

ஒரு விரல்கூட நுழையவில்லை.

குளித்து வந்த என் வீட்டுக்காரருக்கு இடுப்பைத் துடைத்துவிடும்போது, சனிக்கிழமை வழக்கப்படி அவருடைய அரைஞாண் கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கயிறு கவ்விப் பிடித்திருந்தது. போன சனிக்கிழமை இரண்டு விரல் போய், மூன்றாவதும் நுழையப் பார்த்த கயிறு.

வயிறு உப்பிவிட்டதா?

"வயிறு உப்புனாலோ காய்ச்சல் வந்தாலோ யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்கம்மா" என்று சொல்லித்தான் சென்னையில் டாக்டர் எங்களை அனுப்பினார். மலக்குடலில் கட்டியை எடுத்துவிட்டுத் தைத்த இடம் உள்ளுக்குள்ளேயே விட்டுக்கொண்டது. மறுபடியும் வயிற்றைத் திறந்து, மலம் போக வெளியே ஒரு பையை வைத்து, ஆளைப் பிழைக்க வைத்ததே பெரும்பாடு.

கழுத்தில் புறங்கையை வைத்தேன். சூடு இல்லை. வயிற்றை அமுக்கினேன். மெத்தென்றுதான் இருந்தது. பையைப் பார்த்தேன். காலையில் குடித்த கஞ்சி ஒழுங்காக இறங்கியிருந்தது.

"இன்னாமா, சந்தையில மாடு பாக்குற மாதிரி பாத்துக்கினு இருக்க?" என்றார்.

உப்புசம் இல்லை. அப்படியென்றால் சதை!

அதற்காகத்தானே இத்தனை நாளாகத் தவம் கிடக்கிறோம்.

ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே தொப்பை மாணிக்கவேல். இந்த உடம்பு எதையும் தாங்கும் என்று திமிராகத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், தொப்பையெல்லாம் கொழுப்பு, சதை ரொம்பக் குறைவு, புண் ஆறாமல் படுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டவள் நான். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

உடம்பு தேறினால்தான் குடலைச் சேர்த்துப் பையை எடுக்கிற ஆபரேஷன். திங்கட்கிழமை போனால் அதற்குத் தேதி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் எடை பார்க்கிற மெஷின் கிடையாது. கயிறுதான்.

முதல் ஆபரேஷனுக்கு முன்னால் அவருடைய பழைய அரைஞாணை நர்ஸ் கத்தரித்தபோது நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. உயிர் போன பிறகு அறுக்கிற கயிறு அல்லவா அது? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சிவப்புப் பட்டு நூலை முறுக்கி, பைக்குக் கீழே படிகிற மாதிரி, இரண்டு விரல் இடம் விட்டு நானே கட்டினேன். பையில் உரசக்கூடாது என்று நுனியை முடிச்சோடு ஒட்டக் கத்தரித்தேன்.

"காமாட்சி, கண்ணைத் தொறந்துட்டியாடி தாயே!" என்று கையைத் தூக்கிக் கும்பிட்டேன். வளையல்கள் முழங்கைக்கு ஓடின. தள்ளிவிட்டுக்கொண்டேன்.

ஆசை தீரக் கயிற்றைப் பார்க்கலாம் என்று குனிந்தேன்.

முடிச்சிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு நுனி தொங்கிக்கொண்டிருந்தது.

முடிச்சும் என்னுடையது இல்லை. பிள்ளையார்பாளையத்துத் தறியில் பொழுதுக்கும் அறுந்த பட்டு இழையை முடிந்துகொண்டிருப்பவள் நான். என் முடிச்சு எனக்குத் தெரியாதா? இது ஆட்டோவின் தலையில் மூட்டையைக் கட்டுகிற முடிச்சு.

"யோவ், அவுக்கக் கூடாத கயித்தை அவுத்தியா? டாக்டரையும் இப்டிதான் ஏமாத்துவியா?"

அவர் துண்டை இழுத்து இடுப்பை மூடப் பார்த்தார்.

அந்த முடிச்சைத் தளர்த்தினேன். பழைய அளவுக்கே முடிந்தேன். விரலை விட்டுப் பார்த்தேன். மூன்று விரலும் தடையில்லாமல் போயின. இடுப்பெலும்பு கையில் முட்டியது.

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, அவர் என் வளையல்களை ஒரு விரலால் நெட்டினார். அவை தடதடவென்று முழங்கைக்கு ஓடின.

"இது இன்னா கணக்கு, சுகா? கயிறு இறுகினாதான நீ சோறு துன்னுவ?"

அவரிடம் நான் சொல்லவே இல்லை. இவர் கயிறு இறுகுகிறவரைக்கும் சோற்றைத் தொடமாட்டேன் என்று காமாட்சி படத்திடம் மட்டும்தான் முணுமுணுத்து வேண்டிக்கொண்டேன். அடுக்களையில் தின்றாயிற்று என்று தினமும் ஏப்பம் விடாத குறையாகப் புளுகிக்கொண்டிருந்தேன். பாவி மனுஷன், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும்தான் இருந்திருக்கிறார்.

அவருக்காகக் குழைய வடித்த சோறு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. மோரை விட்டுப் பிசைந்தார். ஒரு கவளம் உருட்டி என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"நீ துன்னாதான் நானும்."

விளையாட்டுக்குச் சொல்கிறவர் முகம் இல்லை அது. நீட்டிய கை மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இந்த ஆள் ஒரு வேளை பட்டினி கிடந்தால்கூடத் தாங்காது.

வாயைத் திறந்தேன்.

எத்தனை நாளைக்குப் பிறகு சோறு. நாக்கில் பட்டதும் பசி எரிந்தது. கூடவே பயம். விழுங்கினால் வேண்டுதல் போயிற்று, அவருக்கு ஏதாவது ஆனால் யாரிடம் போய் நிற்பேன்? துப்பினால் அவர் தட்டைத் தொடமாட்டார்.

சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு நின்றேன்.

அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.