பின்னாலை கூப்பிடக் கூடாது

“இஞ்சேருங்கோ, ஒருக்கா நில்லுங்கோ.”

தவமலர் கூப்பிட்டு வாய் மூடவில்லை, சச்சிதானந்தன் திரும்பிவிட்டான். பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டிக் கட்டியிருந்த பலகை மேடையில் ஒரு கால், ஏறுகிற படியில் ஒரு கால். முதுகில் பரசூட் பை. கீழே ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒக்டோபர் மாதத்துச் சிவந்த மரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன.

“என்னப்பா?”

“திருநீறு பூசாமல் வந்திட்டியள்.”

“வெளிக்கிடுற மனுசனைப் பின்னாலை கூப்பிட்டால் உருப்படுமே? உது உமக்குத் தெரியாதே?” என்று சத்தம் போட்டபடி இறங்கி வந்தான்.

பின்னால் கூப்பிட்டால் சகுனப் பிழை. திரும்பி வந்து, குந்தியிருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். யாழ்ப்பாணத்தை விட்டு ரொறன்ரோவுக்கு வந்து சில வருசம் ஆகியும் இந்த ஒரு விஷயத்தில் அந்த வீட்டில் விட்டுக்கொடுப்பே இல்லை. தவமலர் தண்ணீர்ப் போத்தலோடுதான் வந்திருந்தாள்.

பாலத்துக்கும் ஒரு முறை இருந்தது. வருசத்தில் ஒரு ஞாயிறு வாகனங்களை மறித்துப் பாலத்தைப் பரசூட்காரரிடம் கொடுப்பார்கள். ஒருவர் குதித்துத் தரையில் கால் வைத்த பிறகுதான் அடுத்தவர் மேடையில் ஏறலாம். மேடையில் நிற்பவரை ஒருத்தரும் அவசரப்படுத்தக் கூடாது. குதிக்காமல் இறங்கினால் லைனின் கடைசிக்குப் போக வேண்டும். ஏன் இறங்கினாய் என்று கேட்கவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. இந்த மரியாதையை நம்மடை கல்யாணவீட்டுப் பந்தியில் கூடக் காண முடியாது.

சச்சி கடைசிக்குப் போனான். தவமலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திருநீற்றை மறந்தது அவனில்லை. காலையில் எடுத்துக் கொடுக்காமல் தன் கைப்பைக்குள் ஒளித்து வைத்தவள் அவள்தான். கள்ளி.

மறுபடி அவன் முறை வந்தது. படியில் நின்று, லைன் முழுக்கக் கேட்கும்படி, “அப்ப நான் போறன்” என்றான்.

போறன் என்று ஒரு மனுசன் சொல்லலாமா? போட்டுவாறன் என்று சொல்ல வேண்டும் என்பது பால்குடிக் குழந்தைக்கும் தெரியுமே.

“இஞ்சேருங்கோ, உதென்ன சொல்லுச் சொல்லுறியள்?”

இறங்கினான். இருந்தான். தண்ணீர் குடித்தான், இன்னும் கொஞ்சம் தாரும் என்று வாங்கிக் குடித்தான். “உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தது என்ரை பிழையப்பா” என்று தலையில் அடித்துக்கொண்டு கடைசிக்கு நடந்தான்.

அடுத்த தரம் லைனில் ஒரு வெள்ளைக்காரி தும்மினாள். அவள் மூக்கைத் துடைக்க முதலே தவமலர் கூப்பிட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து சீமோன் வந்தான். சச்சியோடு ஒரே பக்டரியில் வேலை செய்கிறவன், சச்சிக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததும் அவன்தான். காலையிலேயே குதித்துவிட்டான். சப்பாத்தெல்லாம் ஆற்றங்கரைச் சேறு.

“தங்கச்சி, சொல்லுறன் எண்டு கோவிக்காதை. லஞ்ச் நேரத்திலை உவன் வேறை கதை கதைக்கிறதில்லை. பிளேனிலை இருந்து எத்தினை தரம் குதிச்சிட்டான். பாலத்திலை இருந்து ஒருக்கா எண்டதுதான் அவன்ரை ஆசை. பின்னேரம் பாலத்தைக் காருகளுக்குத் திறந்து விட்டிடுவாங்கள். இனி வாறதுதான் கடைசி முறை.”

“ஏதும் நடந்தால் எனக்கு இந்த ஊரிலை ஆர் இருக்கினம், சீமோன் அண்ணை?”

“விளங்குது. ஆனால் நீ இப்பிடியே கூப்பிட்டுக்கொண்டிருந்தால், பெண்சாதி விடேல்லை எண்டு அவன் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டு திரிவான்.”

அது அவளுக்குச் சுரீரென்று பட்டது. வந்த முதல் பனிக்காலத்தில், இருந்த ஒரே கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டு, வெறும் ஸ்வெற்றரோடு பஸ்ஸுக்கு நின்ற மனுசன். தனக்கென்று ஒரு சட்டை கூடக் கேட்டு வாங்கியதில்லை. அவன் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான், அதையும் நான் கெடுக்கிறேனே என்று நினைக்க அழுகை வந்தது. நல்ல மனுசன், அவனுக்கு ஒன்றும் வராது.

கைப்பையைத் திறந்து திருநீற்றை எடுத்தாள். லைனுக்குப் போய் அவன் நெற்றியில் தானே பூசிவிட்டாள்.

“சந்தோசமாய்ப் போட்டுவாங்கோ.”

சச்சி அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். “பின்னாலை கூப்பிட மாட்டீரோ?”

“பிள்ளையார் அறியக் கூப்பிட மாட்டன்.”

“ஆர் தும்மினாலும்?”

“ஆர் தும்மினாலும்.”

“ஓ” என்றான்.

ஏறினான். பலகையின் விளிம்புக்குப் போய் நின்றான். தவமலர் கழுத்துச் சால்வையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். தொண்டை வரைக்கும் வந்த கூப்பாட்டை விழுங்கினாள். நேரம் போனது. காற்று அடித்து ஓய்ந்தது. சட்டத்தின்படி ஒருத்தரும் அவனை அவசரப்படுத்தவில்லை. சீமோன் கூட வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியில், காலை ஒரு அங்குலமும் அசைக்காமல், சச்சி கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பினான்.

“இஞ்சேரும்” என்றான் சின்னக் குரலில், “என்னப்பா பேசாமல் நிக்கிறீர்? கூப்பிடுமன்.”